பண்பாட்டுக்கு வலிக்காது

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் துருக்கியப் பின்புலம் கொண்ட பெற்றோர் இருவர், மத நம்பிக்கையைக் காரணம் காட்டி, சிறுவர்களோடு சேர்ந்து நடக்கும் நீச்சல் வகுப்புக்குத் தங்கள் இரு மகள்களையும் அனுப்ப மறுத்தார்கள். உடலை மூடும் நீச்சலுடையில் வரலாம், சிறுவர்கள் இல்லாத இடத்தில் உடை மாற்றலாம் என்று பள்ளி இறங்கி வந்தது. அதற்கும் அவர்கள் இணங்கவில்லை. 2010இல் 1,400 பிராங்க் அபராதம் விழுந்தது. வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. மத உரிமையில் தலையீடு இருக்கிறது, ஆனாலும் அது நியாயமானதே என்று 2017 ஜனவரியில் நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்.

தீர்ப்புக்குத் தலையாட்டும் தமிழர்களைக் கேட்கிறேன். பூப்புச் சடங்கான சாமத்திய வீடு முடிந்த கையோடு, வகுப்போடு வெளியூரில் தங்கும் பள்ளி முகாமுக்கு மகளை அனுப்ப மறுக்கும் வீடு நம்மிடம் இல்லையா? "எங்கட கலாசாரத்தில அப்பிடி இல்லை" என்கிறார் தகப்பன். மகனும் அதே கலாசாரத்தில்தான் வளர்கிறான். அவன் முகாமுக்குப் போய் வந்துவிட்டான். மகளுக்கு மட்டும் போடும் பூட்டுக்குக் கலாசாரம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

பல நாட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில், இப்படிப்பட்ட மோதல்களின்போது பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் நடுவே உட்காருகிறவர் பண்பாட்டு இணைப்பாளர். பேச்சோடு, அதன் பின்னால் இருக்கும் பயத்தையும் எடுத்துச் சொல்ல வேண்டியவர். அவர் இல்லாத இடத்தில் மொழிபெயர்ப்பு பிள்ளையின் தலையில் விழுகிறது. "கணக்கில் பின்தங்கியிருக்கிறான்" என்று ஆசிரியை டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், சொல்வார். "பரவாயில்லையாம் அம்மா" என்பான் பையன். தன் மீதான குற்றச்சாட்டைத் தானே மொழிபெயர்க்கும் வேலையை எந்த நீதிமன்றமாவது குற்றம் சாட்டப்பட்டவனிடம் கொடுக்குமா?

இணைப்பாளர் வந்துவிட்டாலே நியாயம் வந்துவிடாது. இரு தரப்பும் முகம் கோணாமல் எழுந்து போனால் வெற்றி என்று அவர் நினைத்தால், தோற்பது பிள்ளை. பண்பாட்டுக்கு உயிரில்லை, மறுத்துப் பேசினால் அதற்கு வலிக்காது. வகுப்பே முகாமுக்குக் கிளம்பிப் போன பிறகு தனியே நிற்கும் 12 வயதுச் சிறுமிக்கு வலிக்கும். அவளைத் தனியாக உட்காரவைத்து, "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்காத சமரசம் பெரியவர்களின் பேரம்.

இதே கண்டிப்பு பள்ளிக்கும் வேண்டும். சுவிஸின் பல மாநிலங்களில் ஆறாம் வகுப்போடு பிள்ளைகளைத் தரம் பிரிக்கிறார்கள். டொச்சில் தடுமாறும் பிள்ளையை அறிவு குறைந்தது என்று எடைபோட்டுக் கீழ்ப்பிரிவுக்கு அனுப்புவது அநீதி. "இங்கே இதுதான் முறை" என்று பள்ளி சொல்லும்போதும், "எங்கட கலாசாரம்" என்று தகப்பன் சொல்லும்போதும் நடப்பது ஒன்றே: காரணம் சொல்ல மறுக்கிறார்கள்.

உடையில் விட்டுக்கொடுக்கலாம், உணவில் விட்டுக்கொடுக்கலாம். கல்வியில் விட்டுக்கொடுக்கப் பெரியவர்களுக்கு உரிமையில்லை. அது அவர்களுடைய சொத்தல்ல. மறுப்பதற்கு முன், அந்த முடிவால் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது, என்ன பறிபோகிறது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால், மகளை முகாமுக்கு அனுப்புங்கள்.