துலாக்கோல் இரண்டா?

1891ஆம் ஆண்டு தாமஸ் ஹார்டியின் ‘டெஸ்’ புதினம் நூலாக வெளிவந்தபோது, இங்கிலாந்தின் வாசகர்கள் இருவேறு அணியாயினர். “தூய பெண்” என்று நாயகியை நூலின் முகப்பிலேயே போற்றினார் ஆசிரியர். “தூயவளா இவள்?” என்று சீறினர் ஒழுக்கக் காவலர். அபர்கார்ன் சீமாட்டியோ, தம் விருந்தினரையே அவளை ஆதரிப்போர், வெறுப்போர் என வகைபிரித்து அமர்த்தலானாராம்!

சீறுவதற்குக் காரணம் என்ன?

மணநாள் இரவு. முன்னொரு நாள் ஒருத்தியுடன் நெறிதவறியதைக் கணவன் ஏஞ்சல் கூறுகிறான், மனைவி மன்னிக்கிறாள். அலெக் என்பவனால் தனக்கு நேர்ந்ததை அவள் கூறுகிறாள். கணவன் மன்னிக்க மறுக்கிறான், பிரிகிறான், பிரேசிலுக்குக் கப்பலேறுகிறான்!

“மறைத்து மணந்தது பிழையன்றோ?” என்பாருண்டு. பிழைதான், தோழர்களே! வாழ்க்கைத் துணையிடம் உண்மையை எதிர்பார்ப்பது உரிமை. ஆனால், அவளோ மணத்திற்கு முன்பே மடல் எழுதிக் கதவிடுக்கில் செருகினாள். அது கம்பளத்தடியில் சிக்கிற்று. மீண்டும் சொல்ல முனைந்தாள், அவனே தடுத்தான். அவன் மறைத்ததோ, அவளை இழக்க நேருமென்ற அச்சத்தால்! அவன் அச்சத்திற்கு மன்னிப்பு. அவள் துயருக்குத் தண்டனையா?

சட்டமும் அன்று அவன் பக்கமே. 1857ஆம் ஆண்டுச் சட்டப்படி, மனைவி பிறனை நாடினால் அதுவே மணவிலக்குக்குப் போதும். கணவன் தவறினாலோ, கொடுமை போன்ற வேறொன்றும் சேர வேண்டும். அந்த ஓரவஞ்சனை ஒழிந்தது 1923இல்தான்.

சட்டம் திருந்திற்று. உள்ளம்? டெஸ் தூயவளா என வினவுமுன், ஏஞ்சல் தூயவனா என நாம் வினவினோமா? ஒழுக்கம் ஒன்றெனில், துலாக்கோலும் ஒன்றே!