கொள்வகை அறிதல்: அனைவரையும் உள்ளடக்கும் முன்பருவ வகுப்பறை குறித்த ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

குழந்தை தன் வீட்டிற்கு வெளியே முதன்முதலாகப் பிறரோடு கூடியமரும் பொது இடம் முன்பருவக் கல்வி நிலையமாகும். வயதொத்தவரோடு உண்ணவும், விளையாடவும், தன் முறைக்குக் காத்திருக்கவும் அது அங்கேயே பழகுகிறது. எனவே அவ்வகுப்பறையில் எவரைச் சேர்ப்பது, சேர்த்தபின் அதனை எவ்வாறு அமைப்பது என்பன நிருவாக வினாக்கள் மட்டுமல்ல. அறவியல் வினாக்களும் ஆகும். மூன்று வயதாகியும் பேச்சு வராத குழந்தையை அழைத்து வரும் தாயிடம், 'பேச்சு வரட்டும், பிறகு சேர்த்துக்கொள்ளலாம்' என்று விடை கூறப்படுமானால், அவ்விடையினுள் ஒரு கோட்பாடு மறைந்திருக்கிறது. தகுதி முன்னது, கல்வி பின்னது என்பதே அது. பேச்சு வளர்வதற்குத் துணையாகும் சூழலையே பேச்சு வரும்வரை மறுப்பது முறையாகுமா? இந்திய அங்கன்வாடிகளைக் களமாகவும், நன்னூல், திருக்குறள் ஆகியவற்றின் கருத்துகளைத் துணையாகவும் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நன்னூலின் இருமுகம்

கற்போரின் தகுதி பற்றிய சிந்தனை தமிழில் பழமையானது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூவகைப்படுத்துகிறது. அன்னம் முதல் நெய்யரி வரையிலான உவமைகளால் அவர்தம் இயல்புகளை விளக்குகிறது. அத்துடன், நூல் சொல்லத் தகாதவர் எனச் சிலரை விலக்கவும் செய்கிறது. அவ்விலக்குப் பட்டியலில் கள்வன், சினத்தன் போன்றோருடன் பிணியன், மந்தன் ஆகியோரும் இடம்பெறுகின்றனர். ஒருவன் தானே மேற்கொண்ட ஒழுக்கக் குறைகளும், அவன் விரும்பாமலே அவனுக்கு வாய்த்த உடல், உள நிலைகளும் அங்கே ஒரே நிரலில் வைக்கப்பட்டுள்ளமை கருதத்தக்கது.

ஆயினும் அதே பாயிரம் பாடஞ்சொல்லும் முறையைக் கூறுமிடத்து, மாணாக்கனின் கொள்வகையை ஆசிரியன் அறிந்து, அவன் உள்ளம் ஏற்கும் வண்ணம் கற்பிக்க வேண்டும் என்கிறது. முன்னது மாணாக்கனின் தகுதியை அளக்கிறது; பின்னது ஆசிரியனின் திறத்தை அளக்கிறது. நன்னூல் இலக்கணம் பயில வந்த வளர்ந்த மாணாக்கரை நோக்கி எழுந்த நூல். மழலையர் கல்வி அதன் பொருளன்று. ஆதலின் இன்றைய அளவுகோலால் அதனைக் குறைகூறுவது ஆய்வு நேர்மையாகாது. எனினும், இவ்விரு நெறிகளுள் முன்பருவக் கல்விக்குப் பொருந்துவது எது என வினவலாம். மூன்று வயதுக் குழந்தையிடம் தகுதியை எதிர்பார்ப்பதற்கு இடமே இல்லை. அது இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் உயிர். அங்கே அளக்கத்தக்கது கற்பிப்போர் கொள்வகை அறிந்தனரா என்பது ஒன்றே.

இந்தியாவில் 1974ஆம் ஆண்டு நடுவண் அரசு தொடங்கிய மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் ஒருங்கிணைத்தல் என்னும் கருத்தை அடிப்படையாகக் கொண்டது. 1994ஆம் ஆண்டின் சாலமான்கா அறிக்கை உள்ளடக்கல் என்னும் கருத்தை உலக அரங்கில் முன்வைத்தது. இருக்கும் வகுப்பறைக்கு ஏற்பக் குழந்தை தன்னைப் பொருத்திக்கொள்வது ஒருங்கிணைத்தல். வரும் குழந்தைக்கு ஏற்ப வகுப்பறை தன்னைத் திருத்திக்கொள்வது உள்ளடக்கல். நன்னூலின் சொல்லால் உரைப்பதாயின், உள்ளடக்கல் என்பது கொள்வகை அறிதலே எனலாம்.

சட்டம் விட்ட இடைவெளி

இந்தியாவில் இப்பருவத்துக் குழந்தையின் சட்டநிலை சிக்கலானது. 2002ஆம் ஆண்டின் 86ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 6 முதல் 14 வயது வரையிலான கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறு வயதிற்குட்பட்டோரின் கல்வியையோ அரசு முயலவேண்டிய நெறிமுறையாக 45ஆம் உறுப்பில் வைத்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் 6 வயதிலிருந்தே உரிமையைத் தொடங்குகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 குறைபாட்டு வகைகளை 21ஆக விரிவாக்கியது. எனினும் அதன் 31ஆம் பிரிவு தரும் கட்டணமில்லாக் கல்வி, 40 விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடுடைய 6 முதல் 18 வயதினருக்கே உரியது. மூளை வளர்ச்சி மிக விரைவாக நிகழும் பருவமே உரிமையின் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

இவ்விடைவெளியைத் திட்டங்களே நிரப்பி வருகின்றன. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகளின் வழியே உருவான அங்கன்வாடிகள் இன்று நாடெங்கும் ஏறத்தாழ 14 லட்சம் உள்ளன. தேசியக் கல்விக் கொள்கை 2020, மூன்று முதல் எட்டு வயது வரையிலான பருவத்தை அடித்தள நிலையாக வகுத்தது. 2023 நவம்பரில் நடுவண் அரசு மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறையை வெளியிட்டது. இவை வரவேற்கத்தக்கன. ஆயினும் திட்டம் தரப்படுவது. உரிமை கேட்டுப் பெறுவது. இவ்வேறுபாடு மறக்கத்தக்கதன்று.

பெயரும் இடமும்

முன்பருவத்தில் எழும் தனித்த அறச்சிக்கல் பெயரிடுதல் பற்றியது. இவ்வயதில் குழந்தைகளிடையே வளர்ச்சி வேறுபாடுகள் இயல்பாகவே மிகுதி. இன்று பின்தங்கி நிற்பதாகத் தோன்றும் குழந்தை அடுத்த ஆண்டு பிறரை எட்டிவிடக்கூடும். அதற்குள் 'குறையுள்ளது' எனப் பெயர் சூட்டினால், அப்பெயர் அதன் வாழ்நாள் முழுதும் தொடரலாம். மறுபுறம், கேட்கும் திறன் குறைந்த குழந்தையைக் காலம் தாழ்த்தி அறிந்தால், மொழி வேர்கொள்ளும் பருவமே கைநழுவும். பெயரிட்டாலும் தீங்கு, பெயரிடாது காத்திருப்பினும் தீங்கு என்னும் நிலை இது.

உதவி பெறுவதற்குப் பெயரை முன்நிபந்தனையாக்குவதே இச்சிக்கலின் வேர். அந்நிபந்தனையை நீக்கினால் சிக்கலின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மருத்துவ ஆய்வு தன்வழியே உடன் நடைபெறலாம். 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டிற்கு இருமுறை பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் சான்றிதழ் வரும்வரை வகுப்பறை காத்திருத்தல் ஆகாது. பெயர் பின்னர் வரலாம். இடம் முன்னரே இருத்தல் வேண்டும்.

திட்டமிடும் முறை

இடம் முன்னரே இருத்தலாவது, எவர் வருவார் என அறியுமுன்பே பலவகைக் குழந்தைகளையும் எண்ணி வகுப்பறையை அமைத்தலாகும். அனைவருக்குமான கற்றல் வடிவமைப்பு என இன்று கல்வியாளர் வழங்கும் கருத்து இதுவே. ஈடுபடுத்துதல், பொருளை உணர்த்துதல், கற்றதை வெளிப்படுத்தச் செய்தல் ஆகிய மூன்றிலும் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளைத் திறந்துவைப்பது அதன் சாரம்.

காக்கை, நரிக் கதை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் அதனைக் குரலால் மட்டும் சொன்னால், செவிப்புலன் குறைந்த குழந்தையும், வகுப்பு மொழியை வீட்டில் பேசாத குழந்தையும் விலகி நிற்பர். படத்தைக் காட்டி, துணிப்பொம்மையைக் கையில் கொடுத்து, முகக்குறிப்போடு சொன்னால் அவ்விருவரும் கதைக்குள் வருவர். 'வடையை எடுத்தது யார்?' என்னும் வினாவிற்குச் சொல்லாலன்றிச் சுட்டுவிரலாலும் விடை தரலாம் என விதித்தால், பேச்சு வராத குழந்தையும் விடை அறிந்ததாகிறது. அன்றைய நாளின் செயல்களை வரிசையாகக் காட்டும் படங்களைச் சுவரில் ஒட்டிவைத்தால், ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு அடுத்து நிகழ்வது பற்றிய அச்சம் குறையும். ஓசை மிகும்போது சற்று ஒதுங்கியிருக்க ஒரு மூலை, தடையின்றி நகர்ந்து செல்லத் தக்க தரை, துணி சுற்றித் தடித்த பிடியாக்கிய கரண்டி ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை, முன்னெண்ணம் வேண்டும். இவற்றால் பயன்பெறுவோர் சில குழந்தைகள் மட்டுமல்லர் என்பதும் எண்ணத்தக்கது. படமும் பொம்மையும் எல்லாக் குழந்தைகளுக்கும் கதையைத் தெளிவாக்குகின்றன.

அருளா, முறையா?

இங்கு ஒரு வலுவான மறுப்பு எழக்கூடும். அங்கன்வாடியில் இருப்போர் பெரும்பாலும் ஒரு பணியாளரும் ஓர் உதவியாளருமே. உணவு வழங்குதல், எடை பார்த்தல், வீடுகளுக்குச் செல்லுதல், பதிவேடு பேணுதல் ஆகிய அனைத்தும் அவர்கள்மேல் உள்ளன. அவர்கள் பெறுவதோ மதிப்பூதியம். ஒரு குழந்தைக்குக் கூடுதல் நேரம் தந்தால் மற்றக் குழந்தைகளுக்குரியது குறையாதா? இம்மறுப்பைக் கல்நெஞ்சர் கூற்றென ஒதுக்குதல் தகாது. கதை சொல்லும் முறையை மாற்றுவதால் எவருக்கும் இழப்பில்லை. ஆனால் உண்ணவும் கழிப்பறை செல்லவும் தனித்துணை வேண்டும் குழந்தைக்கு ஒருவரின் கைகள் உண்மையாகவே தேவை. வடிவமைப்பு அக்கைகளுக்கு ஈடாகாது.

திருக்குறளின் அதிகார வைப்பு இவ்விடத்து வழிகாட்டுகிறது. அருளுடைமை அறத்துப்பாலில் துறவறவியலில் உள்ளது. கண்ணோட்டமோ பொருட்பாலில், அரசியலில், செங்கோன்மையை அடுத்துச் சில அதிகாரங்களுக்குள் வைக்கப்பட்டுள்ளது. பரிமேலழகர் கண்ணோட்டத்தைப் பழகியவரிடத்துக் காட்டும் தாட்சிணியமாகவே கொள்வார். அதனைக் குடிமக்கள் அனைவருக்கும் விரித்துக்கொள்வது இக்கட்டுரையின் கருத்து. மேலும் அவ்வதிகாரம் செய்தொழில் கெடாதவாறு கண்ணோடுதலையே உயர்த்துகிறது (குறள் 578). மற்றவர்க்குரிய பணி சிதையாமல் ஒருவருக்கு இடந்தருதல் என்னும் நம் சிக்கலுக்கு இது நேரே பொருந்துகிறது. கண்ணோட்டம் ஆள்வோனின் கடமையாக வைக்கப்பட்டமையால், அதற்குரிய கைகளையும் பொருளையும் பயிற்சியையும் தருதல் அரசின் பொறுப்பாகிறது. அவற்றைத் தராமல் பணியாளரின் இரக்கத்தை மட்டும் நம்பியிருத்தல், குழந்தைக்கும் பணியாளருக்கும் ஒருங்கே இழைக்கும் முறைகேடாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன புலனாகின்றன. முன்பருவக் கல்வியில் தகுதி குழந்தையிடம் தேடப்படுவதன்று. வகுப்பறையிடம் தேடப்பட வேண்டியது. குறையின் பெயர் தெளியும்வரை உதவியை நிறுத்திவைத்தல் அறமன்று. உள்ளடக்கும் வகுப்பறையின் பெரும்பகுதி முன்னெண்ணத்தால் அமைவது. எஞ்சிய பகுதிக்கு ஆளும் பொருளும் வேண்டும், அவற்றைத் தருதல் அருளன்று, முறை. 'பேச்சு வரட்டும்' எனத் திருப்பியனுப்பப்படும் குழந்தை இழப்பது ஓராண்டுக் கல்வியை மட்டுமன்று. தானும் பிறரோடு அமரத்தக்கவன் என்னும் முதல் நம்பிக்கையையும் அது இழக்கிறது. அதனுடன் அமர்ந்திருக்க வேண்டிய மற்றக் குழந்தைகளும், தம்மினின்று வேறுபட்டவரோடு வாழப் பழகும் முதல் வாய்ப்பை இழந்துவிடுகின்றனர்.