மறந்த உயிரும் மறவாத தொண்டும்

திருச்சிற்றம்பலம்



ஒருவர் கண்ணொளி இழந்தால் அவரை இல்லாதவராயினார் என்று எவரும் சொல்லார். கால் முடங்கினாரையும் அங்ஙனம் சொல்லார். ஆயின், நினைவு குலைந்து, பெற்ற மகளையே "நீ யார்?" என்று வினவும் முதியோரைக் கண்டால் மட்டும், "அவர் எப்பொழுதோ போய்விட்டார், உடம்புதான் இருக்கின்றது" என்று சொல்லிவிடுகின்றோம். சோழீச்சரம் திகழும் இக்கோட்டாற்றிலும், சுற்றியுள்ள நாஞ்சில் நாட்டு ஊர்களிலும், சைவ இல்லங்களிலேயே இச்சொல் வழங்குகின்றது. இது சித்தாந்தத்துக்கு ஒக்குமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முதற்கண் நோயின் இயல்பு கூறுதும். 1906-ஆம் ஆண்டில், செருமனி நாட்டு டூபிங்கன் நகரிற் கூடிய மருத்துவர் அவையில், அலாய்சு அல்சைமர் என்பார் ஓர் அம்மையாரது நினைவுக்கேட்டையும், அவர் இறந்தபின் அவரது மூளையிற் கண்ட மாறுதல்களையும் எடுத்துரைத்தார். 1910-இல் கிரேப்பலின் என்னும் மருத்துவப் பேராசிரியர் அந்நோய்க்கு அல்சைமர் பெயரையே இட்டு வழங்கினார். மூளை அணுக்களின் புறத்தே அமிலாய்டு என்னும் புரதம் படிதலும், அகத்தே டௌ என்னும் புரதம் முறுகிச் சிக்குறுதலும், அணுக்கள் தம்முள் தொடர்பற்று மடிதலும் இந்நோயின்கண் நிகழ்வன. பெரும்பாலும் முதலில் அண்மை நினைவு கெடும். பின்னர்ச் சொல்லும் வழியும் காலமும் ஆளும் மயங்கும். இறுதியில் நடத்தலும் விழுங்குதலும் அரியவாகும். மறதிநோயுற்றோர் 2021-இல் உலகில் 5 கோடியே 70 இலட்சம் பேர் என்பது உலக நலவாழ்வு அமைப்பின் கணக்கு. நம் நாட்டில் 60 அகவையும் அதற்கு மேலும் உடையாருள் நூற்றுக்கு ஏழு பேருக்குச் சற்று மிகுதி, ஏறத்தாழ 88 இலட்சம் பேர் என்பது 2023-இல் வெளிவந்த ஆய்வின் மதிப்பீடு. இம்மறதிநோய்களுள் மிகுதியானது அல்சைமர் நோயே. அதனை முற்றும் நீக்கும் மருந்து இன்னும் காணப்படவில்லை.

இனி நம் நூற்றுணிபை நோக்குவோம். மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் நான்கும் மாயையின் காரியமாய்ச் சடமாவன. உயிர் அவற்றைக் கருவியாகக் கொண்டு அறியுமேயன்றி, அவையே உயிராகா. மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்து நான்காம் சூத்திரத்தில் இதனை நிறுவி, நனவு முதலிய ஐந்து அவத்தைகளையும் உயிர்க்கு வகுத்துக் காட்டினார். நனவில் இயங்கும் கருவிகள் உறக்கத்தில் ஒடுங்குகின்றன. ஆழ்ந்து உறங்கும் தாய் அருகிருக்கும் மகளை அறியாள். அதுபற்றி அவளைத் தாயல்லள் என்பார் உளரோ? நோயாற் கருவி கெட்டவிடத்தும் அஃதே என்க.

பேச்சிப்பாறை அணையில் நீர் நிறைந்திருப்பினும், கால்வாய் உடைந்தால் கடைமடை வயல் வறளும். வயல் வறண்டது கண்டு அணை வற்றிற்று என்பான் நாஞ்சில் உழவருள் ஒருவனும் இலன். இவ்வுவமையை ஒருபுடையாகவே கொள்க. யாங்ஙனமெனின், உயிர் அணைபோலத் தானே நிறைந்த பொருளன்று. பிறிதொன்று அறிவிக்க அறிவது. நலமுடைய நாமும் இறைவன் காட்டக் கண்டு, உணர்த்த உணர்கின்றோம். ஆகவே அவர்க்கும் நமக்குமுள்ள வேற்றுமை கருவியின் அளவினதேயன்றி உயிரின் தன்மையில் இல்லை.

அற்றேல், "அந்நோய் அவர் வினைப்பயன், நாம் செய்யத்தக்கது யாது?" என்பாரும் உளர். வினைப்பயனைக் கூட்டுவோன் இறைவன், அக்கணக்கு அவனுடையது. பசித்து வந்தானைப் பசி உன் வினையென்று சொல்லி மாகேசுர பூசைப் பந்தியினின்று எழுப்பும் திருமடம் யாண்டும் இல்லை. சூலைநோயோடு வந்த தம்பியாரைத் திலகவதியார், "நீ தேடிய வினை" என்று கதவடைத்தாரல்லர். திருநீறு அளித்துத் திருவதிகைத் திருக்கோயிலுக்கு உடன் அழைத்துச் சென்றார். நோய் அவருக்கு நுகர்ச்சியாயின், தொண்டு நமக்குக் கிடைத்த பேறு.

அத்தொண்டு செய்யும் முறை யாதெனிற் கூறுதும். மறதியெல்லாம் இந்நோயன்று. தைராய்டு குறைவு, பி12 உயிர்ச்சத்துக் குறைவு, மனச்சோர்வு முதலியவற்றாலும் மறதி தோன்றும். அவை மருத்துவத்துக்கு இணங்குவன. ஆதலின், மூப்பின் இயல்பென்று வாளா இராது, ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் முதலிலேயே ஆராய்ந்தறிதல் வேண்டும்.

"நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று சோதித்தல் கொடுமை. "நான் உங்கள் மகள் வந்திருக்கிறேன்" என்று நாமே அறிவித்தல் அருள். எண்பது அகவை மூதாட்டி, "என் அம்மை எங்கே?" என்று தேடின், "அவர் இறந்து நாற்பது ஆண்டாயிற்று" என்பது ஒவ்வொரு முறையும் புதிய இழவாகும். "உங்கள் அம்மையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று அருகமர்ந்து கேட்க. வாய்மையின் இலக்கணத்தைத் தீமை பயவாமையில் வைத்தார் திருவள்ளுவர். வழிதப்பிக் கோட்டாற்றுக் கம்போளத்து நெரிசலிற் சென்றுவிடுவோர்க்கு, வீட்டாரின் பெயரும் தொலைபேசி எண்ணும் உடையில் இருத்தல் வேண்டும். நீராட்டுங்கால் உடம்பை மறைத்து, செய்யப்போவதை முன்சொல்லிச் செய்க. விழுங்குதல் அரிதாயின், நிமிர்த்தி அமர்த்திக் குழைந்த உணவைச் சிறிது சிறிதாக ஊட்டுக. படுக்கையில் வீழ்ந்தாரை அடிக்கடி புரட்டிப் படுக்கவைத்துப் புண் வாராது காக்க. காலையில் உண்டதை மறந்தாரும் இளமையில் ஓதிய தேவாரத்தை உடன் பாடுதல் உண்டு. ஆதலின் மாலைதோறும் விளக்கேற்றி அவர்முன் ஓதுக.

இப்பணியில் இழிவு காண்பார் திருச்சிராப்பள்ளித் தலவரலாற்றை நினைக. காவிரிப் பெருக்கால் தாய் வரமாட்டாதபோது, பேறுகாலத்து மகளுக்குத் தாய் வடிவில் வந்து பணிசெய்த பெருமானைத் தாயுமானவர் என்றே வழிபடுகின்றோம். இலிங்கத் திருமேனி நம்மை அடையாளம் கண்டு பேசிய பின்னரோ நாம் திருமஞ்சனம் ஆட்டுகின்றோம்? மறுமொழி பெறாமலே செய்யும் பணிக்கு நம் கைகள் பழகியவையே.

எனினும், இப்பணி முழுவதும் இல்லத்தில் ஒரு மகள்மேலோ மருமகள்மேலோ வீழ்தல் முறையன்று. இரவெல்லாம் விழித்த அவள் ஒருநாள் சினந்தால், அதனை அன்பின்மை என்னற்க. அவள் உடம்பும் கருவியே, அதுவும் தளரும். நாஞ்சில் நாடு 1956 வரை சேர்ந்திருந்த மலையாளப் பகுதியில், இந்நோயாளர்க்கும் அவரைக் காப்போர்க்கும் துணையாக 1992-இலேயே ஒரு சங்கம் தோன்றி, பின்னர் நாடெங்கும் கிளைகொண்டது. உழவாரப்பணிக்கு நாள் வகுக்கும் நம் திருக்கூட்டத்தார், இத்தகைய இல்லங்களுக்கும் வாரத்தில் அரைநாள் வகுத்து, காப்பவள் உறங்கவும் கோயிலுக்குச் சென்றுவரவும் துணைநின்றால், அது சரியையின் பாற்படும். திருமடங்கள் இதனைத் தொடங்கிவைத்தல் தகும்.

இறுதியாக ஓர் ஐயம். பலர் நெஞ்சை வாட்டுவது. "இறக்குங்கால் உள்ள நினைவின் வழியே மேற்கதி என்பர். வாழ்நாளெல்லாம் ஐந்தெழுத்து ஓதிய என் தாய் அதனையும் மறந்து இறப்பாளாயின், அவள் வழிபாடு வீணோ?" என்பது. வீணன்று. சிவபுண்ணியம் பயன் தருவது உயிர்க்கு. மலபரிபாகமும் சத்திநிபாதமும் நிகழ்வது உயிரின்கண். சித்தம் கெட்டமையால் அவை கெடா. மனம் நழுவினும் நா ஐந்தெழுத்தைக் கைவிடாமையைச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருப்பாண்டிக்கொடுமுடித் திருப்பதிகத்தில் அருளிச்செய்தார். நாவும் ஓய்ந்த காலத்து, அருகிருக்கும் நாம் அவர் செவியில் ஐந்தெழுத்தை ஓதுவோம். அச்செவி கேட்டிலதாயினும், அவர் உயிரோடு பிரிவின்றி நிற்கும் பெருமான் கேட்பான். அவனுக்கு மறதி இல்லை.

நினைவிழந்த முதியோர்க்கும், அவரைக் காத்துச் சோர்ந்தோர்க்கும் திருவருள் துணைநிற்க.

திருச்சிற்றம்பலம்