பள்ளிவாசலில் வழிகாட்டி நாய்

ஷாஃபிஈ மத்ஹபில் நாயின் ஈரம் நஜீஸ். பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். ஆயினும் வேட்டைக்கும் காவலுக்கும் நாய் வளர்க்க மார்க்கம் இடமளித்துள்ளது. அஸ்ஹாபுல் கஹ்பு கூட்டத்தாரின் நாயையும் திருக்குர்ஆன் கூறுகிறது. அது படுத்திருந்தது வாசலில்தான்!

2008-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், பார்வையற்ற மாணவர் ஒருவர் வழிகாட்டி நாயுடன் பள்ளிவாசலுக்கு வர அந்நாட்டு ஷரீஅத் கவுன்சில் இசைந்தது. நாய் தொழுமிடத்துக்குள் செல்லவில்லை. வாயிலருகே அதற்கென இடம் ஒதுக்கப்பட்டது.

பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை முன்னிட்டே ‘அபஸ’ சூரா இறங்கியது. நம் புதுவைப் பள்ளிகளுக்கும் அத்தகையவர் வந்தால், வாயிலில் நாய்க்கு ஓரிடம் தந்து, அவர் கைபிடித்து ஸஃப்பில் சேர்ப்போமாக! நஜீஸைக் கழுவ நீருண்டு. புண்பட்ட உள்ளத்தைக் கழுவ எது உண்டு?