ஒளியும் ஒளியைப் படைத்தவனும்

 

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜும்ஆ பயானில், திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயத்திலுள்ள ஒளி வசனத்தை (24:35) ஓதிவிட்டு, "ஒளி ஓர் அலை என்று விஞ்ஞானம் கண்டதை இவ்வசனம் அன்றே சொல்லிவிட்டது" என்று முழங்கினேன். தொழுகை முடிந்ததும் ஒரு கல்லூரி மாணவர் ஸலாம் சொல்லி அருகில் வந்தார். "ஹஜ்ரத், ஒளி துகளாகவும் நடந்துகொள்கிறது என்று எங்களுக்குப் பாடம் இருக்கிறதே! அப்படியானால் வசனத்தின் பொருள் மாறிவிடுமா?" என்று அடக்கமாகக் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

வீடு வந்து நூல்களைப் புரட்டினேன். ஒளியைப் பற்றி மனிதன் எத்தனை முறை தன் கருத்தை மாற்றியிருக்கிறான்! கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் பார்வை உண்டாகிறது என்றனர் கிரேக்க அறிஞர்களான யூக்ளிடும் தாலமியும். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், 11ஆம் நூற்றாண்டில் தமது 'கிதாபுல் மனாளிர்' நூலில் அதை மறுத்தார். சூரியனை உற்று நோக்கினால் கண் நோகிறதே, ஒளி வெளியிலிருந்தல்லவா கண்ணுக்குள் வருகிறது என்றார். துவாரமிட்ட இருட்டறைக்கு வெளியே பல விளக்குகளை வைத்து, ஒன்றை மறைத்தால் சுவரில் அதன் வெளிச்சம் மட்டும் மறைவதைக் கண்டு எழுதினார். பெரியவர்கள் சொன்னது என்பதற்காக அவர் எதையும் ஏற்கவில்லை, சோதித்தே ஏற்றார்.

பிறகு ஹைகன்ஸ் 1690இல் ஒளியை அலை என்றார். நியூட்டன் 1704இல் துகள் என்றார். ஒளியும் ஒளியும் சேருமிடத்தில் இருட்டுப் பட்டைகள் தோன்றுவதைக் காட்டி, தாமஸ் யங் அலையே என்றார். அது மின்காந்த அலை என்று மாக்ஸ்வெல் 1865இல் கூறினார். 1905இல் ஐன்ஸ்டீன், ஒளி சிறு சிறு பொட்டலங்களாக வருகிறது என்றார். இன்று இரண்டு தன்மையும் அதற்கு உண்டு என்கின்றனர்.

நான் எந்தப் படியில் திருமறையைக் கட்டிவைப்பது? நாளை அந்தப் படி நகர்ந்தால், நான் பேசியதை நம்பிய பிள்ளையின் ஈமானும் அல்லவா ஆடிப்போகும்!

பதில் திருமறையிலேயே இருந்தது. இருள்களையும் ஒளியையும் உண்டாக்கியவன் அல்லாஹ்வே என்று அல்அன்ஆம் அத்தியாயத்தின் முதல் வசனம் அறிவிக்கிறது. ஆக, விஞ்ஞானிகள் அளக்கும் ஒளி ஒரு படைப்பு. நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும் படைப்பு. படைத்தவனுக்கு ஒப்பு ஏது? வானங்கள், பூமியிலுள்ளோருக்கு வழிகாட்டுபவன் என்றே ஒளி வசனத்திற்கு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விளக்கம் தந்ததாகத் தஃப்ஸீர்களில் காண்கிறோம். அங்கே பேசப்படுவது ஹிதாயத்.

அடுத்த ஜும்ஆவில் அதே இடத்தில் நின்று என் பேச்சைத் திருத்திச் சொன்னேன். அந்த மாணவர் முன்வரிசையில் அமர்ந்திருந்தார்.

பெற்றோர்களே! பிள்ளைகள் விஞ்ஞானம் படிக்கட்டும். இப்னுல் ஹைதமைப் போல் சோதித்துப் படிக்கட்டும். கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள். ஆனால் ஒன்றை மறவாதீர்கள். வீடெங்கும் மின்விளக்கு எரிந்தும் சுபுஹு பாங்கு கேட்டு ஒருவரும் எழாவிட்டால், அந்த வீடு இருட்டில்தான் இருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் உள்ளத்திலும் பார்வையிலும் செவியிலும் ஒளியைத் தருமாறு இறைவனிடம் இறைஞ்சினார்கள். எந்தக் கருவியாலும் அளக்க முடியாத அந்த ஒளியை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.