மதம்: ஒரு கட்டம்

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகிற வழியில் இருக்கிறது இண்டூர். அங்கே ஒரு தகப்பனார் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தாத்தா காலத்திலேயே கத்தோலிக்கத்துக்கு வந்த தலித் குடும்பம். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டாள். சாதிச் சான்றிதழ் வேண்டும். விண்ணப்பத்தில் 'மதம்' என்று ஒரு கட்டம். அதில் அவர் என்ன எழுதுவார்?

'கிறிஸ்தவம்' என்று எழுதினால் மகள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவாள். 'இந்து' என்று எழுதினால் பட்டியல் சாதி. இடஒதுக்கீடு மட்டுமல்ல, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. இத்தனைக்கும் அதே பெண், அதே தெரு. சாதி பேர் சொல்லித் திட்டுகிறவன் ஞானஸ்நானச் சீட்டைப் பார்த்துவிட்டா திட்டுகிறான்?

'சாமி கும்பிடுவது அவரவர் சொந்த விஷயம். பொது இடத்துக்கு ஏன் கொண்டு வரணும்?' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்தத் தகப்பனார் எங்கே கொண்டு வந்தார்? தாலுகா ஆபீஸ்தானே கேட்கிறது!

இதற்கு வேர், 1950-ல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஓர் ஆணை. பட்டியல் சாதி என்றால் இந்துவாக இருக்கவேண்டும் என்றது அது. 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வெளியே நின்றார்கள். மதத்தையும் பட்டியல் சாதித் தகுதியையும் முடிச்சுப் போடவேண்டாம் என்று 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரை செய்தது. 2022-ல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள்.

2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு சொன்னது. புதுச்சேரிப் பெண் ஒருவர், தான் இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். அவர் ஞானஸ்நானம் பெற்றவர், கோயிலுக்கு ஒழுங்காகப் போகிறவர் என்று காட்டி மறுத்துவிட்டார்கள். உள்ளே ஒரு நம்பிக்கையை வைத்துக்கொண்டு சலுகைக்காக இன்னொன்றைச் சொல்வது அரசியல் சாசனத்தையே ஏமாற்றுவது என்றது கோர்ட். சட்டப்படி அதில் தர்க்கம் இருக்கிறது. பொய்க்கு வக்காலத்து வாங்க நானும் வரவில்லை.

பொய்யும் லேசான சுமையல்ல. கோயிலில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர் என்று வாழ்வதை யோசித்துப் பாருங்கள். கல்யாணப் பத்திரிகையில் பங்குச் சாமியார் பெயரைப் போடலாமா என்று கூட யோசிக்கவேண்டும். வேலைக்குச் சேர்ந்து முப்பது வருஷம் ஆனாலும் யாராவது மொட்டைக் கடுதாசி போடுவார்களோ என்ற பயம் போகாது.

'சாதி இல்லாத மதம் என்றுதானே போனார்கள்? அப்புறம் எதற்குச் சாதிச் சலுகை?' என்று சிலர் மடக்குவார்கள். நல்ல கேள்விதான். ஆனால் அதை முதலில் கேட்கவேண்டியது திருச்சபையிடம்.

1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் எவ்வளவோ மாற்றியது. லத்தீன் போய்த் தமிழில் பூசை வந்தது. ஜனங்களுக்கு முதுகைக் காட்டி நின்ற குருவானவர் முகத்தைத் திருப்பினார். தமிழ்நாட்டில் சில இடங்களில் அந்த முகத்தின் எதிரே ஜனங்கள் சாதிவாரியாகவே உட்கார்ந்திருந்தார்கள். மொழியை மாற்ற முடிந்தது, பெஞ்சை மாற்ற முடியவில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில், செத்த பிறகும் சாதியைப் பிரிக்க ஒரு சுவர். விழுப்புரம் மாவட்டத்தில் அன்று இருந்த இறையூரில், தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். அதையொட்டி 2008 மார்ச்சில் கலவரம் வெடித்தது, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். சாதிப் பிரிவினையை நிலைநிறுத்தும் வழக்கங்களைக் கைவிடும்படி தமிழக ஆயர்களிடம் போப் இரண்டாம் ஜான் பால் 2003-லேயே சொல்லியிருந்தார்.

அரசாங்கம், 'நீ கிறிஸ்தவன், உனக்குச் சாதி இல்லை' என்கிறது. பக்கத்துப் பெஞ்சுக்காரர், 'நீ கிறிஸ்தவன்தான், ஆனால் அங்கே உட்கார்' என்கிறார். நடுவில் நிற்கிற மனிதரைப் பார்த்து, 'நேர்மையாக இரு' என்று உபதேசம் செய்வது எளிது. உண்மையைச் சொல்வதற்கு எல்லோருக்கும் ஒரே விலை இல்லை. மேல்சாதிக் கத்தோலிக்கர் அந்தக் கட்டத்தை யோசிக்காமல் நிரப்பிவிட்டுப் போகிறார். தலித் கத்தோலிக்கருக்கு அதே வார்த்தை, மகளின் படிப்பு.

அடுத்த முறை 'பொய்ச் சான்றிதழ்' என்று நியூஸ் படிக்கும்போது, மதக் கட்டத்தை நிரப்ப நீங்கள் என்ன விலை கொடுத்தீர்கள் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். நீங்கள் கத்தோலிக்கர் என்றால் கூடுதலாக ஒன்று. 1950 ஆணையை உங்களால் நாளைக்கே மாற்ற முடியாது. ஆனால் உங்கள் பங்கில் பாடல் குழுவில் யார் பாடுகிறார்கள், பங்குப் பேரவையில் யார் இருக்கிறார்கள், கல்லறையில் யாருக்கு எந்த மூலை என்று பார்க்க டெல்லிக்குப் போகவேண்டியதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை போதும்.