கேட்டலும் கேண்மையும்

ஓர் உயிர் மற்றோர் உயிரை உள்ளவாறு அறிதல் கூடுமா என்ற வினா தத்துவ நூல்களில் மட்டும் எழுவதன்று. ஒரே கூரையின்கீழ் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த கணவனும் மனைவியும், ஒரு நாள் மாலை ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கி, 'இவரை நாம் அறிந்திருக்கின்றோமா?' என்று தமக்குள்ளே ஐயுறும்போதும் அவ்வினாவே எழுகின்றது. விடை காணப் புகுமுன், இத்தகைய உறவுகளைக் குறிக்க நாள்தோறும் நாம் வழங்கும் சொற்களைச் சற்றே ஆராய்தல் நன்று.

மனிதரிடையே உள்ள அணிமையை இக்காலத்தில் நெருக்கம் என்கின்றோம். தேர்த்திருவிழாவில் தோளோடு தோள் உரசி நிற்பதும் நெருக்கந்தான். ஆயினும் அங்கே பக்கத்தில் நிற்பவருடைய துயரம் எவருக்கும் தெரிவதில்லை. புரிதல் என்னும் சொல் இதனினும் ஆழமுடையது. விரும்புதல் என்பது அதன் பழம்பொருள்களுள் ஒன்று. முறுக்குண்டு பிணைதல் என்பது மற்றொன்று. கயிற்றின் புரியும் முப்புரிநூலும் அப்பொருளை இன்றளவும் காத்து வருகின்றன. ஒரு புரி மற்றொரு புரியோடு பிணைந்து வலிமை பெறுகின்றதேயன்றித் தன் தன்மை அழிந்து மற்றொன்றாகி விடுவதில்லை.

எனினும் என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்த சொல் கேண்மை. சங்கப் புலவர் உறவினரையும் நண்பரையும் கேளிர் என்றனர். உறவைக் குறிக்கும் கேள் என்ற பெயரும், செவிசாய்க்குமாறு ஏவும் கேள் என்ற வினையும் ஓசையால் ஒன்றே. இரண்டும் ஒரு வேரில் கிளைத்தவை என்று வாதிக்க நான் வரவில்லை. செவி கொடுப்பவனே கேளாகின்றான் என்னும் உண்மையை நினைவூட்ட அவ்வொற்றுமை போதுமானது.

இவ்வுண்மைக்குப் பெரியபுராணத்தில் சேக்கிழார் பெருமான் காட்டும் ஏயர்கோன் கலிக்காமர் என்னும் சிவனடியாரின் சரித்திரமே சான்று. தம் மனைவியார் பரவையாரின் ஊடலைத் தீர்க்க, மற்றோர் அடியாராகிய சுந்தரர் சிவபெருமானையே திருவாரூர் வீதியில் தூது நடக்கச் செய்தார் என்ற செய்தி எட்டியதும், கலிக்காமர் உள்ளம் கொதித்தது. அக்கோபம் பக்தியிலே பிறந்தது. ஆதலால் அதனைக் குற்றம் என்று அவர் கருதவில்லை. ஆனால் அவர் சுந்தரரைப் பற்றிக் கேள்விப்பட்டாரேயன்றிச் சுந்தரரிடம் கேட்டாரில்லை. இறைவன் அவருக்குச் சூலை நோயைத் தந்து, அதைச் சுந்தரரே தீர்ப்பார் என்றருளியபோதும், வெறுப்புக்குரியவர் கையால் நலம் பெறுவதினும் சாவதே மேல் என்று அவர் வாளால் தம் வயிற்றைக் கிழித்துக்கொண்டார். நோய் தீர்க்க வந்த சுந்தரர் குடர் சரிந்து கிடந்த உடலைக் கண்டு, தாமும் அவ்வாறே உயிர்விடத் துணிந்து வாளைப் பற்றினார். அக்கணத்தில் இறையருளால் உயிர் பெற்றெழுந்த கலிக்காமர் அவ்வாளைப் பிடித்துத் தடுத்தார். அன்றுமுதல் இருவரும் நண்பராயினர். வாதமோ விளக்கமோ அங்கே நிகழவில்லை. தம்மை வெறுத்தவருடைய மரணத்தைத் தம்முடையதாக ஏற்கத் துணிந்த ஓர் உள்ளத்தை மற்றோர் உள்ளம் நேரே கண்டது.

உயிர் இறைவனை அணுகுதற்குச் சைவ சித்தாந்தம் கூறும் படிமுறையை இங்கே எண்ணிப் பார்த்தல் தகும். தாச மார்க்கமாகிய தொண்டின் பயன் சாலோகம், அதாவது இறைவன் உலகில் உறைதல். சற்புத்திர மார்க்கமாகிய மகன்மையின் பயன் சாமீபம், அதாவது அவன் அருகில் இருத்தல். சக மார்க்கமாகிய தோழமையின் பயன் சாரூபம், அதாவது அவன் உருவை ஒத்தல். சன்மார்க்கமாகிய ஞானத்தின் பயன் சாயுச்சியம், அதாவது இரண்டறக் கலத்தல். அருகில் இருத்தலுக்கு மேற்பட்ட படியாகத் தோழமையை வைத்த பெரியோரின் நுட்பம் வியக்கத்தக்கது. அத்தோழமைக்கு எடுத்துக்காட்டாகப் போற்றப்படுபவர் தம்பிரான் தோழராகிய சுந்தரரே. கலிக்காமரின் இல்லத்தில் அவர் வாளை ஏந்தி நின்ற காட்சி, மனிதர் ஒருவர்பால் மனிதர் ஒருவர் எய்திய சாரூபம் என்றே எனக்குத் தோன்றுகின்றது.

ஆகவே, ஓர் உயிரை முற்றும் அறிதல் உயிர்க்குயிராய் நிற்பவனுக்கே உரியது; நமக்கு அது கூடாது. கூடாமை பற்றி வருந்த வேண்டுவதுமில்லை, ஏனெனில் கேண்மை முழு அறிவை எதிர்பார்த்துக் காத்திருப்பதன்று. நாற்பது ஆண்டு உடன் வாழ்ந்தவரைப் பற்றி நாம் கொண்டுள்ள அபிப்பிராயங்களிற் பல, நாம் அவரிடம் கேட்டறியாதவை. கேள்விப்பட்டவை, அல்லது நாமே ஊகித்தவை. அன்பர்களே, இன்று மாலை ஒரு நாழிகை அவர் அருகே அமருங்கள்; மறுமொழி கூற விரையாமல், அவர் சொல்லி முடிக்கும் வரையில் கேளுங்கள்.